நடுப்பகல் இருட்டு

இரண்டாயிரம் உயிரை எப்படிக் கொல்வது என்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிச்சோறு சாப்பிட்ட கை காய்வதற்குள் இரண்டு பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். தரை நடுவே ஓர் எவர்சில்வர் தாம்பாளம் கிடந்தது. அதுதான் கோள். அதன் அகலத்தைப் போல ஐந்து மடங்கு தள்ளி, சுவரோரம் ஒரு நெல்லிக்காய். அதுதான் நிலா. வாசல் வழியாக உள்ளே விழுந்த வெயில்தான் சூரியன். வேலுசாமி நாற்காலியில் சாய்ந்து, டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, நெல்லிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரில் மூத்தவள் மைதிலி, அவன் மனைவி. வெண்ணந்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். கூட்டமில்லாத நேரத்தில் செல்போனிலேயே தொடர்கதை எழுதி ஒரு செயலியில் ஏற்றுவாள். முதல் இரண்டும் மாமியார் மருமகள் கதைகள்தான். மூன்றாவதில் அவளுக்குள் என்ன புகுந்ததோ, மனிதர்கள் பூமியை விட்டுப் போய் நீரணி என்கிற நிலாவில் குடியேறி மந்தை மேய்க்கிற கதையாக ஆரம்பித்துவிட்டாள். பத்தாவது அத்தியாயத்தில் ஒரு வாசகர், 'இப்படி ஒரு நிலா இருக்கவே முடியாது, இதில் காற்றே நிற்காது' என்று எழுதிவிட, அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவள்தான் கயல்விழி. வேலுசாமி சூப்பர்வைசராக இருக்கிற கோழிப்பண்ணையின் முதலாளி முருகானந்தத்தின் மகள். கோயமுத்தூரில் இயற்பியல் மேற்படிப்பு. விடுமுறைக்கு வந்தவள் ஜெராக்ஸ் எடுக்கப் போய், தான் படிக்கிற தொடரை எழுதுவது இந்த அக்காதான் என்று தெரிந்ததும், ஞாயிறு தவறாமல் ஸ்கூட்டியில் வந்து நிலாவைச் சரி பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

சரி பண்ணுவது என்றால் லேசுப்பட்ட வேலையாக இல்லை. நிலாவுக்குப் பூமியில் பாதி எடையாவது வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஓடிப்போகும் என்றாள். உள்ளே உருகிய இரும்பு புரள வேண்டும், அப்போதுதான் கோளிலிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுக்கும் காந்தப்புலம் கிடைக்கும் என்றாள். மூன்றரை நாளுக்கு ஒரு சுற்று. கோளுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியபடிதான் சுற்றும். அதனால் அந்த முகத்தில் இருக்கிற சனங்களுக்குக் கோள் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை, உச்சி வானத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். மைதிலி அதற்கு மூத்தான் என்று பெயர் வைத்தாள். மூத்தான் மேல் வெயில் பட்டுத் திரும்புவதால் அங்கே நடுராத்திரி வெளிச்சமாக இருக்கும். நடுப்பகலில் சூரியன் மூத்தானுக்குப் பின்னால் போய்விடும், மூன்று மணி நேரம் கும்மிருட்டு. மறுபக்கத்துச் சனங்களுக்கு இந்த வம்பே கிடையாது. அவர்கள் மூத்தானைக் கண்ணால் கண்டதே இல்லை, அவர்களுடைய பகல் பகல்தான்.

கதைப்படி, மறுபக்கத்து மேய்ப்பர்கள் நாலாயிரம் உரோமிகளை இந்தப் பக்கம் ஓட்டி வருகிறார்கள். உரோமி என்பது ஆட்டைப் போல ஒரு பிராணி, மைதிலியின் கைச்சரக்கு. முதல் நடுப்பகல் இருட்டில் அதில் பாதி மந்தை சாக வேண்டும். குளிரில் விறைத்துச் செத்தன என்று எழுதி வைத்திருந்தாள்.

"ஆவாதுங்க்கா," என்றாள் கயல்விழி. "மூணு மணி நேரத்துல எட்டு டிகிரி, மிஞ்சிப்போனா பத்து டிகிரி எறங்கும். மேலெல்லாம் கம்பளி இருக்கறதுக அதுக்கெல்லாம் சாகாது."

"கதைக்குச் செத்தே ஆகோணும் கயலு."

டிவியை விட்டுவிட்டு வேலுசாமி வாயைத் திறந்தது இந்த இடத்தில்தான். மூன்று ஞாயிறாகத் தாம்பாளத்தையும் நெல்லிக்காயையும் பார்த்து வந்ததில் அவனுக்கும் நிலாப் பித்து கொஞ்சம் ஒட்டியிருந்தது. படித்த பெண்ணுக்கே தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்கிற ஆசையும் சேர்ந்துகொண்டது.

"முழுசா இருட்டாவறதுக்கு எத்தன நேரமாகும் அம்மணி?"

"ஏழு நிமிஷம்ங்கண்ணா."

"மத்தபடிக்கு, பொழுது எறங்கி இருட்டறதுக்கு?"

"அங்க எல்லாமே மெதுவுங்க. மங்கி மங்கி இருட்டறதுக்கே மூணு நாலு மணி நேரமாவும்."

"அப்பக் குளிரே வேண்டாம். அதுகளே செத்துப்போகும்," என்றான் வேலுசாமி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மெதுவா இருட்டுனா மந்தை படுத்துக்கும். பொசுக்குன்னு இருட்டுனா மொதல்ல ஒன்னும் பண்ணாது, நின்ன எடத்துலயே நிக்கும். ரெண்டு நிமிஷம் ஒரு சின்னச் சத்தங்கூட வராது. ஃபேன் சத்தம் மட்டுந்தான் கேக்கும். அப்பறம் எங்கயோ ஒன்னு ஓடும். அதும் பொறவாலயே அத்தனையும் ஓடும். மூலையில போய் முட்டி ஒன்னும்மேல ஒன்னு ஏறும். மேல இருக்கறதுக்கு ஒன்னும் ஆவாது. அடியில கெடக்கறது மூச்சு முட்டிச் செத்துரும். ஒரு காயம் இருக்காது. தூங்கற மாதிரியே கெடக்கும்."

மைதிலி சிரித்துவிட்டாள். "நெலாவுல ஏதுங்க ஃபேனு?"

"காத்துன்னு மாத்திக்கலாங்க்கா," என்று கயல்விழியும் சிரித்துக்கொண்டே தன் போனில் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொண்டிருந்த கட்டைவிரல் பாதியில் நின்றது. அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். இரண்டு நொடி இருக்கும். பிறகு குனிந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

வேலுசாமிக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், தாம்பாளத்தை மைதிலி கழுவிக் கவிழ்த்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு விளங்கியது. வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நாற்பது நாளுக்கு முன்னால் நடந்தது அது. மூன்றாம் நம்பர் கொட்டகையில், உமி பரப்பிய தரையில், ஐந்து வாரக் குஞ்சுகள் ஆறாயிரம் விட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கொட்டகை விளக்குகளை ஒரேயடியாக அணைக்கக் கூடாது. நாலு வரிசை, வரிசைக்கு ஒரு சுவிட்சு. ஒன்றை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து, குஞ்சுகள் ஒடுங்கியதும் அடுத்ததை அணைக்க வேண்டும். பண்ணையில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். பதினோரு வருசத்தில் வேலுசாமியே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அன்றைக்கு அவன் பைக் மெக்கானிக் கடையில் கிடந்தது. முட்டை லோடு ஏற்றிய வண்டிக்காரன் வாசலில் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தான், அவனை விட்டால் நாலு கிலோமீட்டர் நடை. அவ்வளவுதான் காரணம். நாற்பது நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காக விளக்குகளுக்கான மெயின் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டான்.

இருட்டோடு இருட்டாக வெளியே வந்திருக்கலாம். கதவருகே போனவனை அந்த நிசப்தம் நிறுத்திவிட்டது. ஆறாயிரம் குஞ்சுகள் இருக்கிற இடத்தில் ஒரு 'கீச்' இல்லை. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு இடது கோடியில் உமி சரசரத்தது, உடனே கொட்டகை முழுவதும் ஒரே பக்கமாக ஓடுகிற சத்தம். அவன் காலைத் தாண்டியும் காலின் மேல் ஏறியும் ஓடின. அவனுக்குக் கை வரவில்லை. சுவிட்சு ஆறடி தூரத்தில்தான் இருந்தது, அந்த ஆறடியை நடப்பதற்கு அவனுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று இன்றைக்கும் தெரியாது. விளக்கு வந்தபோது வடகிழக்கு மூலையில் முழங்கால் உயரத்துக்குக் குவியல். மேலே இருந்தவை இறங்கி, தீவனத் தட்டைப் பார்க்கப் போயின. அடியில் இருந்தவற்றை அள்ளி எண்ணினால் ஆயிரத்து இருநூறு.

அன்றைக்குக் காற்று. சாயந்திரத்திலிருந்து மூன்று முறை கரண்ட் போய்ப் போய் வந்திருந்தது. அதனால் வெளியே ஓடிவந்து முதலாளியைக் கூப்பிட்டவன் வாயில் அந்தப் பொய் தானாகவே வந்தது. கரண்ட் போயிருச்சுங்க, ஜெனரேட்டர் எடுக்கல, நான் ஓடிப்போய்க் கையால ஸ்டார்ட் பண்றதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சுங்க. கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தானாக ஓடவைக்கிற பேனலைச் செய்து மாட்டியவர் நசுருல்லா பாய், சேலத்துக்காரர். மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஐந்து முறை ஓட்டிக் காட்டினார். ஐந்து முறையும் ஓடியது.

"இப்ப ஓடுது. நேத்து எங்கய்யா போச்சு?" என்று முருகானந்தம் கேட்டார். பாய் மறுபடி பேனலைத் திறந்து உள்ளே பார்த்தார். வேலுசாமி பக்கத்தில்தான் இருந்தான். முதலாளி அன்றைக்கே பண்ணைக்காரர்களின் வாட்சப் குழுவில் ஒரு வரி போட்டார், பாய் பேனலை நம்ப வேண்டாம் என்று. பாய் பார்த்துவந்த எட்டுப் பண்ணையிலும் அத்தோடு அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது.

கரண்ட் போயிருந்தால் ஃபேன் எப்படி ஓடும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைப் போய் இயற்பியல் படிக்கிற பெண்ணிடம், அதுவும் முதலாளி மகளிடம், நெளிவு சுளிவோடு எடுத்துச் சொல்லியிருக்கிறான்.

திங்கட்கிழமை முதலாளி அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மக்காச்சோளம் ஈரமாக வந்திருக்கிறது, திருப்பி அனுப்பு என்றார் அவர். வெளியே வந்து தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினான். செவ்வாய்க்கிழமை யார் போன் அடித்தாலும் முதலாளிதானோ என்று பார்த்தான். வேலை போய்விடும் என்கிற பயம் ஒரு பங்கு என்றால், பாய் முன்னால் நிற்க வேண்டிவரும் என்கிற பயம் மூன்று பங்கு. இதற்கு நடுவே கொட்டகைக்குள் போவதற்கே பயமாக இருந்தது. குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும் வரை ஒன்றுமில்லை. ஒரு நொடி எல்லாம் ஒன்றாக வாயை மூடினால் அவன் கை தானாகச் சுவிட்சைத் தேடும்.

புதன்கிழமை சாயந்திரம் அவன் விளக்கணைக்கிற நேரத்தில் கயல்விழி கொட்டகைக்கு வந்தாள். வாசலில் மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைத்துவிட்டு உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். அவன் முதல் சுவிட்சை அணைத்தான். பத்து நிமிடம். இரண்டாவதை அணைத்தான். மறுபடி பத்து நிமிடம். நாலாவதை அணைக்கும்போது குஞ்சுகள் உமியில் புதைந்து படுத்திருந்தன, கதவு வழியாக வந்த மிச்ச வெளிச்சத்தில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது.

"ஃபேனுக்குத் தனி லைனுங்களாண்ணா?"

"ஆமாங்க அம்மணி."

"லைட்டை அணைச்சாலும் ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க."

"சரிங்கண்ணா," என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். அவன் ஏதாவது சொல்வான் என்று நின்றாளோ என்னவோ. அவன் குனிந்து, சாய்ந்து கிடந்த ஒரு தீவனத் தட்டை நிமிர்த்தி வைத்தான். பிறகு வெளியே போய் ஸ்கூட்டியை எடுக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு ராத்திரி அவள் அப்பாவிடம் சொல்லிவிடுவாள் என்று விடிய விடிய விழித்துக் கிடந்தான். வியாழக்கிழமை காலையில் முதலாளி எப்போதும் போல வணக்கம் வாங்கிக்கொண்டு போனார். திட்டி அனுப்பியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது மைதிலி கடைக்குப் போகாமல் இருந்தாள். அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினான்காம் அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டதாகவும், இன்னும் ஏற்றவில்லை என்றும் சொன்னாள். வாசித்துக் காட்டினாள். நீரணியின் உச்சியில் சூரியன் மூத்தானுக்குப் பின்னால் போகிறது. உரோமிகள் நின்ற இடத்தில் நிற்கின்றன. காற்று மட்டும் கேட்கிறது. மந்தைக்கு நடுவில் மேய்ப்பன் ஒருவன் கையில் விளக்கோடு நிற்கிறான், ஏற்றாமல் நிற்கிறான்.

"அந்த ஆளை எதுக்கு உள்ள உட்ட?" என்றான் வேலுசாமி.

"வெளிய இருந்து கேட்டா அப்புடிச் சொல்ல முடியாதுங்க. உள்ள நின்னவனுக்குத்தான் அது தெரியும்." போனைத் தரையில் வைத்தாள். "அன்னைக்கு நானும் சிரிச்சுப்போட்டேன். எழுதறப்பத்தான் கை நின்னுபோச்சு. கரண்டு போயிருந்தா ஃபேன் எப்புடிங்க ஓடும்?"

அவன் சொன்னான். நாற்பது நாளாக நெஞ்சில் கட்டியாகக் கிடந்தது, சொல்ல ஆரம்பித்தால் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மைதிலி திட்டவில்லை, அழவில்லை. ரசம் கொதித்து வழிந்ததைக்கூட எழுந்து போய் இறக்கவில்லை.

"கயலுக்குத் தெரியும். நாலு நாளா எனக்குப் போன் பண்ணல. நீங்களாச் சொல்லட்டும்னு இருக்குதாட்ட இருக்குது. அது எத்தன நாளைக்குப் பொறுக்கும்னு தெரியாது," என்றாள். அப்புறம், "மொதலாளிகிட்ட அப்பறம் போலாமுங்க. மொதல்ல பாய்கிட்டப் போய்ட்டு வாங்க."

"அவுரு என்ன சொல்லுவாரோ."

"என்ன சொன்னாலும் நின்னு கேட்டுக்கோங்க."

அன்றைக்கே அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினான். வழியெல்லாம் வார்த்தையைக் கோத்தான். மல்லூர் வரும்போது நன்றாகக் கூடியிருந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இறங்கும்போது ஒன்றுமே மிச்சமில்லை. மளிகை மூட்டை இறக்குகிறவர்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே விசாரித்து விசாரித்துப் போனான். பாய் இப்போது வேறொருவருடைய மோட்டார் கடையில் காயில் சுற்றுகிற வேலைக்கு உட்கார்ந்திருந்தார். சொந்தமாக எட்டுப் பண்ணைக்குப் போய்வந்தவர், ஒரு முக்காலியில், முழங்காலுக்கு நடுவே செம்புக்கம்பி உருளையை வைத்துக்கொண்டு. அவனைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தைப் பார்த்ததும் வேலுசாமிக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

"வாங்க வேலு. பண்ணையில இருந்து ஒருத்தர்கூட வரமாட்டேன்னுட்டாங்க. நீங்களாவது வந்தீங்களே." டீ சொன்னார். மைதிலியை விசாரித்தார், புதுக் குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது. வேலுசாமி "பாய்" என்று ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். நீல மையில் பேனலின் முழுப் படம். ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு ரிலேயும், கொட்டகைக்குப் போகிற ஒவ்வொரு லைனும். மடிப்புகள் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. எண்ணெய்க் கறை, டீக் கறை. அங்கங்கே கேள்விக்குறி போட்டு அடித்திருந்தார்.

"நாப்பது நாளா இதத்தான் பாக்கறேன்," என்றார். "எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. ஆயிரத்து எரநூறு உசுரு வேலு. தொழுவ நின்னாக்கூட இந்தப் படந்தான் கண்ணுக்கு முன்னால வருது. முருகானந்தம் என்னக் கேட்டது தப்பே இல்ல. மத்தவங்க கூப்புடாததும் ஒருவகையில நல்லதுதான். எது நின்னுச்சுன்னு தெரியாம இன்னொரு பேனல்ல கை வெக்க எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குப் பேனல் போடச் சொன்னா என்ன பண்ணுவேன்?"

வேலுசாமி தாளைப் பார்த்தான். படம் சுத்தமாக இருந்தது. ஒரு கோடு பிசகவில்லை. தப்பே இல்லாத ஒரு படத்தில் இந்த மனிதர் நாற்பது நாளாகத் தப்பைத் தேடியிருக்கிறார். தன்னைத் திட்டுவார், அடிப்பார், ஊரைக் கூட்டுவார் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துப் பயந்து வந்தவனுக்கு இது தோன்றவே இல்லை.

"அன்னைக்கு அந்த எடத்துல இருந்தது நீங்க ஒருத்தர்தான்," என்று பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "உங்களுக்கு எலக்ட்ரிக்கல் தெரியாட்டியும் பரவால்ல. எந்த எடத்துல நின்னுச்சுன்னு காட்டுங்க, போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

தாளை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார். வேலுசாமி வலது கையை மேசைமேல் கொண்டுவந்தான். ஜெனரேட்டரைத் தாண்டி, ரிலேக்களைத் தாண்டி, கேள்விக்குறிகளையெல்லாம் தாண்டி, தாளின் ஓரத்தில், மூன்றாம் நம்பர் என்று எழுதியிருந்த கட்டத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்னச் சதுரத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தான்.

பாய் குனிந்து பார்த்தார். பிறகு இரக்கத்தோடு சிரித்தார்.

"அது வெறும் லைட்டோட மெயின் சுவிட்சு வேலு. நாமளா கையால எறக்குனாத்தான் அது எறங்கும். அதுக்கும் ஜெனரேட்டருக்கும் சம்பந்தமே இல்ல."

வேலுசாமி விரலை எடுக்கவில்லை. வெளியே ஓர் ஆட்டோக்காரன் மூட்டை வண்டிக்குப் பின்னால் நின்று விடாமல் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். பாயின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அவர் விரலைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். விரல் நுனியின் வேர்வையில் அந்தச் சதுரத்தின் நீல மை கரைந்து, கோட்டைத் தாண்டித் தாளில் ஊறிக்கொண்டிருந்தது.